நாலு மாக்சிம் ஏற்றிய லாரி

கேள்வி இதுதான்: “வார் தண்டர் கணினி விளையாட்டில் சோவியத் பக்கம் ஆட ஆரம்பித்தால் தொடக்கத்திலேயே ஒரு லாரி கிடைக்கிறது. காஸ்-ஏஏஏ, பின்னால் நாலு மெஷின் கன். அதை வைத்து ஒரு விமானத்தைக்கூட என்னால் வீழ்த்த முடியவில்லை. டாங்கி எதுவும் என்னைப் பார்த்துவிட்டால் அடுத்த நொடி கதை முடிந்தது. உண்மையிலேயே இப்படி ஒரு வண்டி போரில் இருந்ததா? இருந்திருந்தால் அதனால் என்ன பயன்?”

இருந்தது. பயனும் இருந்தது. ஆனால் என்ன பயன் என்பதை விளையாட்டின் புள்ளிப் பலகை காட்டாது. விளையாட்டு எண்ணுவது வீழ்ந்த விமானங்களை. அந்த லாரியைச் செய்தவர்கள் எண்ணியது தப்பித்த பாலங்களையும், தப்பித்த ரயில் நிலையங்களையும், ஊர் போய்ச் சேர்ந்த வாகன வரிசைகளையும். இதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

முதலில் லாரி. 1929இல் சோவியத் அரசு அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. அதன்படி நீஷ்னி நோவ்கொரோத் நகரில் ஒரு வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1932 ஜனவரியில் அங்கிருந்து முதல் லாரி வெளியே வந்தது. ஃபோர்டின் ஏஏ வகை லாரியை அடியொற்றியது அது; பெயர் காஸ்-ஏஏ. ஒன்றரை டன் சுமக்கும் என்பதால் மக்கள் அதைப் ‘பலுதோர்க்கா’ என்றார்கள். ரஷ்ய மொழியில் ‘ஒன்றரை’ என்றுதான் பொருள். அதே லாரிக்குப் பின்னால் இன்னொரு ஆக்சில் கூட்டிச் செய்ததுதான் காஸ்-ஏஏஏ. பின்பக்க ஆக்சில் இரண்டும் இன்ஜினால் சுழலும், முன் சக்கரங்கள் திரும்ப மட்டும். சேற்றிலும் பனியிலும் இரண்டு ஆக்சில் வண்டியைவிட இது மேல். இன்ஜின் மூன்றேகால் லிட்டருக்குச் சற்று அதிகம், நாலு சிலிண்டர், முதலில் 40 குதிரைத்திறன், பிறகு 50. இன்று சந்தையில் இருக்கும் சின்ன கார்களுக்கே அதைவிட அதிகம். அந்த 50 குதிரைத்திறனை நம்பி ஒரு ராணுவம் மாஸ்கோவிலிருந்து பெர்லின் பக்கம் நடந்தது.

போர் முற்றிய 1942இல் இதே குடும்பத்து லாரிகள் எப்படி வெளிவந்தன என்று பழைய படங்களில் பாருங்கள். உலோகக் கதவு இல்லை, அந்த இடத்தில் கித்தான் துணி. ஹெட்லைட் ஒன்றே ஒன்று. முன் சக்கரத்துக்கு பிரேக் கிடையாது. மட்கார்டு அழகாக வளைத்தது இல்லை, தகட்டை மடித்துப் பற்றவைத்தது. ஒவ்வொரு கிலோ எஃகும் கணக்கு. விளையாட்டில் உங்கள் வண்டி ஒரே குண்டில் சிதறுகிறதே என்று வருந்துகிறீர்கள். நிஜத்தில் அதன் டிரைவருக்கும் விமானத் தோட்டாவுக்கும் நடுவே இருந்தது மெல்லிய தகடும் பலகையும் மட்டும்தான்.

இனி துப்பாக்கி. ஹைரம் மாக்சிம் 1884இல் உருவாக்கிய இயந்திரத் துப்பாக்கியின் ரஷ்ய வடிவம், 1910ஆம் ஆண்டு மாதிரி, தூலா நகரில் செய்யப்பட்டது. அதில் நாலை எடுத்து ஒரே தூணில் வரிசையாகப் பூட்டினார் என். எஃப். டோக்கரேவ் என்ற வடிவமைப்பாளர். 1931ஆம் ஆண்டு மாதிரி என்று அது படையில் சேர்ந்தது. சுருக்கப் பெயர் 4எம்.

நாலையும் சேர்த்துக் கட்டினால் போதாது, அவை தொடர்ந்து சுட வேண்டும். அதற்கு அவர் செய்த மாற்றங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சாதாரண மாக்சிமில் குழலைச் சுற்றி உள்ள உறையில் சுமார் 4 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். சில நூறு தோட்டா சுட்டதும் அது கொதித்து ஆவியாகும், யாராவது வாளியோடு ஓட வேண்டும். 4எம்மில் நாலு உறைகளையும் குழாயால் இணைத்து, தண்ணீரைக் கட்டாயமாகச் சுற்றிவரச் செய்தார்கள். சாதாரண மாக்சிமின் துணிப்பட்டையில் 250 தோட்டா. இதில் 1000 தோட்டா வரை நீளும் பட்டை. விமானம் தலைக்குமேல் இருக்கும் அந்தச் சில நொடிகளில் பட்டை மாற்ற நேரமில்லை என்பதால் இந்த ஏற்பாடு. பட்டை துணி என்பதால் அதற்கும் கவனம் வேண்டும். மழையில் நனைந்தால் இறுகும், உறைபனியில் விறைக்கும், தோட்டா நேராக உள்ளே போகாது. ஒரு குழல் சிக்கினாலும் மற்ற மூன்றும் சுடும் என்பது நாலு வைத்ததில் கூடுதல் நன்மை.

ஏன் நாலு? இதைக் கணக்காகப் பார்த்தால் சட்டென்று விளங்கும். ஒரு மாக்சிம் நிமிடத்துக்குச் சுமார் 600 தோட்டா சுடும், அதாவது நொடிக்கு 10. பத்து மீட்டர் நீள விமானம் ஒன்று மணிக்கு 360 கிலோமீட்டரில் உங்கள் குறிக்குக் குறுக்கே பறக்கிறது என்று வையுங்கள். அது நொடிக்கு 100 மீட்டர். அதன் மூக்கு ஒரு புள்ளியைத் தொட்டு, வால் அந்தப் புள்ளியைக் கடக்க ஆகும் நேரம் நொடியில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் ஒற்றை மாக்சிம் அனுப்புவது ஒரே ஒரு தோட்டா. அதுவும் நீங்கள் சரியான புள்ளியில் குறி வைத்திருந்தால்தான். நாலு மாக்சிம் என்றால் நொடிக்கு 40, அந்தப் பத்தில் ஒரு நொடியில் 4. ஒன்றுக்கும் நாலுக்கும் உள்ள வித்தியாசம், விமானம் தோட்டாக்களுக்கு நடுவில் புகுந்து போய்விடுவதற்கும் தோட்டா அதன் உடம்பில் எங்காவது பட்டே தீருவதற்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் “சரியான புள்ளி” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன், அங்கேதான் எல்லாச் சிக்கலும். இந்த 7.62 மில்லிமீட்டர் தோட்டா 500 மீட்டர் தூரம் போக ஏறக்குறைய முக்கால் நொடி ஆகும். அதற்குள் அதே விமானம் 75 மீட்டர் நகர்ந்திருக்கும். அதாவது விமானத்தின் நீளத்தைப் போல ஏழு மடங்குக்கும் மேல் முன்னால், வெறும் வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும். தூரம் இரட்டித்தால் தோட்டாவின் வேகம் குறைந்துகொண்டே வருவதால் முன்குறி இரட்டிப்பைவிடக் கூடுதலாகும். சுடுபவர் கையில் இருந்தது வளையம் வளையமாகக் கம்பி வைத்த குறி. ரேடார் இல்லை, கணிப்பொறி இல்லை. எதிரியின் வேகத்தையும் கோணத்தையும் கண்ணால் மதித்து, எந்த வளையத்தில் விமானத்தை வைப்பது என்று அரை நொடியில் முடிவு எடுக்க வேண்டும். வார் தண்டரின் ஆர்கேட் முறையில் சுட வேண்டிய இடத்தை ஒரு வட்டம் காட்டிவிடும். ரியலிஸ்டிக் முறைக்குப் போனதும் நீங்கள் படும் பாடுதான் 1941இல் ஒரு பத்தொன்பது வயது இளைஞன் பட்ட பாடு. அவனுக்கு மறுபடி பிறந்துவர வாய்ப்பு இல்லை, அது ஒன்றுதான் வேறு.

இப்போது விமானியின் பக்கம் போய்ப் பாருங்கள். ஜெர்மனியின் ஸ்டூக்கா, அதாவது யுன்கர்ஸ் 87, பாலத்தைக் குறிவைத்து வருகிறது. நாலாயிரம் மீட்டருக்கும் மேலிருந்து ஏறக்குறைய செங்குத்தாகப் பாயும். 450 மீட்டர் உயரத்தை ஒட்டிக் குண்டை விட்டுவிட்டு மேலே எழும். 4எம்மின் தோட்டா சுமார் 1400 மீட்டர் உயரம் வரை வேலைக்கு ஆகும். 1400இலிருந்து 450 வரை 950 மீட்டர். பாய்ச்சலில் ஸ்டூக்காவின் வேகம் நொடிக்கு 150 மீட்டருக்கு மேல். கணக்குப் போட்டால் ஆறு நொடி கிடைக்கும். அந்த லாரியின் முழு வாழ்க்கையும் அந்த ஆறு நொடிக்காகத்தான்: 240 தோட்டாக்கள்.

அந்த ஆறு நொடிகள்தான் விமானிக்கும் உயிர்நாடி. குண்டு பாலத்தில் விழ வேண்டுமானால் அவர் அப்போதுதான் விமானத்தை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். இறக்கையைக் கொஞ்சம் சாய்த்தாலும் குண்டு ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி ஆற்றில் விழும். சரியாக அந்த நேரத்தில் கீழிருந்து, எரிந்துகொண்டே பறக்கும் தோட்டாக்களின் ஒளிக்கோடுகள் நேராக முகத்தை நோக்கி வருகின்றன. அதில் எத்தனை படும், எத்தனை படாது என்று அவருக்குத் தெரியாது. பழுத்த விமானி பல்லைக் கடித்துக்கொண்டு நேராக வருவார். மற்றவர்கள் 450இல் விட வேண்டியதை 800இலேயே விட்டுவிட்டுத் திரும்புவார்கள். விமானம் விழவில்லை, பலகையில் பூஜ்யம்தான். ஆனால் பாலம் நிற்கிறது, மறுநாள் அதன்மேல் தோட்டா வண்டிகள் போகின்றன.

பட்ட தோட்டாவின் கதையும் முழுவதும் தெரியவராது. ஸ்டூக்காவின் யூமோ 211 இன்ஜின் திரவத்தால் குளிர்வது. மூக்குக்குக் கீழே தொங்கும் பெரிய ரேடியேட்டரை எந்தப் படத்திலும் பார்க்கலாம். அதில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தால் விமானம் அங்கேயே எரிந்து விழாது. திரும்பிப் போகும் வழியில் குளிர்திரவம் கொட்டித் தீர்ந்து, இன்ஜின் சூடேறி இறுகி, எங்கோ வயலில் இறங்கும். சுட்டவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

இந்த லாரிகள் எங்கே நின்றன என்பதும் முக்கியம். டாங்கிப் போரின் நடுவில் இவற்றுக்கு இடம் இல்லை. படை வரிசையோடு கூடவே போய், அது நிற்கும் இடத்தில் சாலையோரம் ஒதுங்கி நின்று வானத்தைப் பார்ப்பது வேலை. ரயில் சந்திப்பு, ஆற்றுத் துறை, விமானத்தளம், எரிபொருள் கிடங்கு என்று ஒரு புள்ளியைக் காப்பது இன்னொரு வேலை. அதே 4எம்மைக் கவச ரயில்களிலும் படகுகளிலும் கட்டடங்களிலும்கூட ஏற்றினார்கள். 1941 ஜூலையில் ஜெர்மன் விமானங்கள் மாஸ்கோ மேல் குண்டு போடத் தொடங்கியபோது நகரத்தின் மொட்டை மாடிகளில் நின்ற காவலில் இந்த நாலு குழல் மாக்சிமும் உண்டு. கிரெம்ளினுக்குப் பக்கத்தில் மாஸ்கோ ஹோட்டல் கூரையில் அதை இயக்கும் வீரர்களின் படம் உலகம் முழுக்கப் பிரபலம். லெனின்கிராடு முற்றுகையில் லதோகா ஏரி உறைந்ததும், 1941 நவம்பர் 22 அன்று பனிக்கட்டியின் மேல் முதல் லாரி வரிசை மாவு கொண்டுவரப் போனது. போனவை பெரும்பாலும் இதே ஒன்றரை டன் லாரிகள். அந்தப் பனிச்சாலை நெடுகவும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளை நிறுத்தினார்கள். ஒதுங்க மரம் இல்லை, பள்ளம் தோண்ட மண் இல்லை, வெள்ளைப் பரப்பில் கறுப்புப் புள்ளியாக நிற்க வேண்டும். தண்ணீரால் குளிரும் துப்பாக்கிக்கு ரஷ்யக் குளிர் தனிச் சோதனை. உறைக்குள் தண்ணீர் பனியானால் உறை வெடித்துப்போகும். அதனால் கிளிசரின் கலந்த, சீக்கிரம் உறையாத திரவத்தை ஊற்றிவைத்தார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் இல்லை. 1942 மார்ச் 25 அன்று சோவியத் அரசு ஓர் ஆணை போட்டது: விமான எதிர்ப்புப் படைக்கு ஒரு லட்சம் இளம்பெண்களைச் சேர்க்க வேண்டும், அங்கிருந்த ஆண்கள் போர்முனைக்குப் போக வேண்டும். அதன் பிறகு நகரங்களைக் காத்த இயந்திரத் துப்பாக்கிகள், பீரங்கிகள், ஒலி கேட்கும் கருவிகள், தேடுவிளக்குகள் பலவற்றின் பின்னால் நின்றவர்கள் பெண்கள். விளையாட்டில் அந்தக் குழுவினர் வெறும் சின்ன உருவங்கள், சேதம் காட்டும் பட்டியலில் சிவப்பாக மாறும் நிழல்கள். நிஜத்தில் தையற்கடையிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் வந்தவர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1931இல் 4எம் வந்தபோது வானத்தில் பறந்தவை பெரும்பாலும் துணி போர்த்திய, இரட்டை இறக்கை விமானங்கள். பத்தே ஆண்டில் உலோக உடம்பும் கவசமும் வந்துவிட்டன. ஹென்ஷெல் 129 என்ற ஜெர்மன் தாக்குதல் விமானத்தில் விமானி உட்காருவது ஓர் எஃகுத் தொட்டிக்குள், முன் கண்ணாடியே 75 மில்லிமீட்டர் தடிமன். சுமார் பத்து கிராம் எடையுள்ள துப்பாக்கித் தோட்டா அதை என்ன செய்யும்? தோட்டாவுக்குள் வெடிமருந்து கிடையாது. பட்ட இடத்தில் துளை விழும், அவ்வளவுதான்.

அதனால் சோவியத் பொறியாளர்கள் அதே லாரிகளின் மேல் கனமான துப்பாக்கிகளை ஏற்றிப் பார்த்தார்கள். அதில் சில வார் தண்டரிலும் உண்டு. 12.7 மில்லிமீட்டர் தெஷ்கா இயந்திரத் துப்பாக்கி ஏற்றிய காஸ்-ஏஏஏ ஒன்று. காஸ்-எம்எம் லாரியில் 72-கே என்ற 25 மில்லிமீட்டர் துப்பாக்கி இன்னொன்று. 1940ஆம் ஆண்டு மாதிரி, ஒரு குண்டு கால் கிலோவுக்கு மேல், உள்ளே வெடிமருந்து. நிமிடத்துக்கு 240தான் சுடும், ஆனால் ஒன்று பட்டாலும் இறக்கையில் கை நுழையும் ஓட்டை. பெரியவர் யாக்-10: யாரோஸ்லாவ்ல் நகரத்து மூன்று ஆக்சில் கன லாரி, அதன் முதுகில் 76 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கி. சுடும்போது லாரி கவிழாமல் இருக்கப் பக்கவாட்டில் கால் ஊன்ற வேண்டும். சில பத்து வண்டிகளோடு அது நின்றுபோனது. விளையாட்டில் அதை வைத்து டாங்கிகளைத் துளைப்பவர்கள் அதிகம். வரலாற்றில் அதன் வேலை உயரத்தில் வரும் குண்டுவீச்சு விமானங்களுக்குக் கீழே வெடிப்புகளை விரித்துவைப்பது.

சரி, உங்கள் முதல் குறைக்கு வருகிறேன். பல வருடமாக இந்த வண்டியை ஆடுகிறவன் என்ற முறையில் சில சொல்கிறேன்.

முதல் தவறு முன்னால் போவது. இந்த லாரி டாங்கிகளின் பார்வையில் படவே கூடாது. அருகில் ஒரு வெடிகுண்டு வெடித்தாலே அழுத்தத்தில் குழு முழுவதும் போய்விடும். உங்கள் அணி கைப்பற்றப் போகும் இடத்துக்கு ஐந்நூறு, அறுநூறு மீட்டர் பின்னால், ஒரு வீட்டையோ மேட்டையோ எதிரிக்கும் உங்களுக்கும் நடுவே வைத்து நில்லுங்கள். வானம் மட்டும் திறந்திருந்தால் போதும். நிற்கும்போது லாரியின் பின்பக்கம் எதிரி திசையைப் பார்க்கட்டும். முன்பக்கம் டிரைவர் கேபின் மறைப்பதால் குழலைத் தாழ்த்த முடியாது. தாழப் பறந்து வரும் விமானம் அந்த மூலையில் வந்துவிட்டால் உங்களால் தொட முடியாது. நிஜத்திலும் அதே தூண், அதே கேபின், அதே மூலை.

இரண்டாவது தவறு ஒரு கிலோமீட்டரிலேயே சுட ஆரம்பிப்பது. ஒளிக்கோட்டைப் பார்த்த விமானி இரண்டு காரியம் செய்வார்: ஒன்று விலகுவார், இல்லை நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று குறித்துக்கொண்டு அடுத்த சுற்றில் உங்களுக்காகவே வருவார். 600 மீட்டருக்குள் வரும் வரை விரலை அடக்குங்கள். குறுக்கே போகும் விமானத்தை விடுங்கள். உங்களை நோக்கி, அல்லது உங்கள் பக்கத்து டாங்கியை நோக்கி நேராகப் பாய்ந்து வருவதைப் பிடியுங்கள். நேரே வருகிறவனுக்கு முன்குறி ஏறக்குறையத் தேவையில்லை. மூக்கைப் பார்த்துச் சுட்டால் இன்ஜின், ரேடியேட்டர், விமானி மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும். ஸ்டூக்காவின் ஆறு நொடி என்று மேலே சொன்னேனே, அதுதான் இங்கேயும்.

மூன்றாவதாக, சுட்டு முடித்ததும் இடம் மாறுங்கள். அதற்குத்தானே கீழே சக்கரம்.

விமானம் விழாமல் விலகிப் போனால் வருந்தாதீர்கள். கரேலியா வரைபடத்தில் ஒரு முறை ஒரே விமானம் நாலு தடவை எங்கள் கனரக டாங்கி மேல் பாய்ந்தது. நாலு தடவையும் நான் வைத்த தோட்டாச் சரத்தைப் பார்த்துக் குண்டு போடாமலே எழும்பியது. ஐந்தாவது தடவை போட்டது, பாறையில் விழுந்தது. ஆட்டம் முடிந்தபோது என் பெயருக்கு எதிரே விமானம் ஒன்றும் இல்லை. அந்த டாங்கி கடைசி வரை இருந்தது, அந்த இடம் எங்கள் கையில் இருந்தது. காஸ்-ஏஏஏ எதற்குச் செய்யப்பட்டது என்று அன்றுதான் எனக்கு முழுதாகப் பிடிபட்டது.

இந்த வகை வண்டிகளின் வரலாறு இரண்டாம் உலகப் போரோடு முடிந்துவிடவில்லை. அடுத்த முப்பது நாற்பது வருடங்களில் அவை அதிகம் சுட்டது விமானங்களை அல்ல, மலைகளையும் காடுகளையும். அமெரிக்கர்கள் நாலு பிரௌனிங் 12.7 துப்பாக்கிகளை மோட்டாரால் திரும்பும் ஒரே பீடத்தில் வைத்து, முன்னால் சக்கரமும் பின்னால் சங்கிலிப் பட்டையும் உள்ள அரைச் சங்கிலி வண்டியில் ஏற்றி எம்16 என்று பெயரிட்டார்கள். கொரியப் போரில் அது சுட்டது பெரும்பாலும் மலைச்சரிவில் ஏறிவந்த காலாட்படையை. பிறகு வியட்நாம். 1967 செப்டம்பர் 2 அன்று ஆன் கே பக்கம் 19ஆம் எண் சாலையில் ஒரு சரக்கு லாரி வரிசை பதுங்கித் தாக்கப்பட்டது. சில நிமிடங்களில் ஏழு பேர் இறந்தார்கள், 17 பேர் காயமடைந்தார்கள், லாரிகள் பெரும்பாலும் சேதமாயின. அதன் பிறகு போக்குவரத்துப் படையினர் தங்கள் லாரிகளிலேயே மணல் மூட்டை அடுக்கித் துப்பாக்கி வைத்தார்கள். மழையில் நனைந்த மணல் லாரியின் முதுகை ஒடித்ததால் எஃகுத் தகட்டுக்கு மாறினார்கள். விமானத்துக்காகச் செய்த அந்த நாலு குழல் பீடமும் சில லாரிகளில் ஏறியது. அப்படிப்பட்ட துப்பாக்கி லாரிகளில் ஒன்று இன்றும் வர்ஜீனியாவில் ராணுவப் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

சோவியத் படை அதே பாடத்தை ஆப்கானிஸ்தானில் படித்தது. சலாங் சாலையில் எரிபொருள் லாரிகள் வரிசையாக ஏறுகின்றன, இரண்டு பக்கமும் செங்குத்து மலை, மேலே முகட்டில் துப்பாக்கியோடு முஜாஹிதீன்கள். டாங்கியின் பீரங்கி பதினாறு பதினெட்டு டிகிரிக்கு மேல் உயராது. முகட்டைத் தொட முடியாது. சோவியத் படைக்கு வானத்தில் எதிரி இல்லாத அந்தப் போரில் செங்குத்தாக 90 டிகிரி வரை உயரும் ஒரு துப்பாக்கி சும்மா இருந்தது: ‘ஸூஷ்கா’ என்று படையினர் சொல்லும் இரட்டைக் குழல் 23 மில்லிமீட்டர் ஸூ-23-2. 1960இல் சேவைக்கு வந்தது, எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டு குழலும் சேர்ந்து நிமிடத்துக்கு 2000 வரை சுடும் வேகம். அதைத் தூக்கி யூரல், காமாஸ் லாரிகளின் பின்னால் வைத்துச் சுற்றிலும் மணல் மூட்டையும் பலகையும் அடைத்தார்கள். வரிசையின் முன்னும் பின்னும் நடுவிலும் ஒவ்வொன்று. மேலிருந்து சுட்டவர்கள் முதலில் குறிவைத்ததும் அந்த லாரியைத்தான். இந்த லாரியின் முன்னோடி 4எம் ஏற்றிய காஸ் என்று சொன்னால் மிகையில்லை: ரேடார் இல்லை, கவசம் இல்லை, திறந்த முதுகு, கண்ணால் குறி.

செக்கோஸ்லோவாக்கியா மட்டும் கொஞ்சம் யோசித்துச் செய்தது. பிரகா லாரியின் அடிச்சட்டத்தில் கவசக் கேபின், பின்னால் இரட்டை 30 மில்லிமீட்டர் துப்பாக்கி. எம்53/59, செல்லப்பெயர் ‘பல்லி’. துப்பாக்கியை லாரியிலிருந்து இறக்கித் தரையிலும் வைக்கலாம். அதுவும் யூகோஸ்லாவியா சிதறிய 1990களின் போர்களில் கட்டடங்களைத்தான் அதிகம் சுட்டது.

ஏவுகணை வந்த பிறகு இவை எல்லாம் பழைய இரும்பு என்றுதான் பலரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ட்ரோன்கள் வந்து அந்தக் கணக்கை மாற்றின. சில ஆயிரம் டாலர் விலையுள்ள ஒன்றைச் சுட, பல லட்சம் டாலர் ஏவுகணையை எத்தனை நாள் செலவழிக்க முடியும்? 2025 மே மாதம் எல்லை தாண்டி வந்த ட்ரோன்களைச் சுட இந்திய ராணுவமும் எல்-70 பீரங்கிகளோடு இதே 23 மில்லிமீட்டர் இரட்டைக் குழலைப் பயன்படுத்தியது.

உக்ரைனில் இது இன்னும் நேராகத் தெரிகிறது. ரஷ்யா ஏவும் ஷாஹெத்-136 ட்ரோன் மணிக்குச் சுமார் 180 கிலோமீட்டர் வேகத்தில், மோட்டார் சைக்கிள் இரைச்சலோடு வரும். நீளம் மூன்றரை மீட்டர், கவசம் கிடையாது. மேலே போட்ட கணக்கை மறுபடி போடுங்கள். நொடிக்கு 50 மீட்டர் என்றால் 500 மீட்டர் தூரத்தில் முன்குறி 75இலிருந்து 37, 38 மீட்டராகச் சுருங்குகிறது. மூன்றரை மீட்டர் உடம்பு ஒரு புள்ளியைக் கடக்க நொடியில் நூற்றில் ஏழு பங்கு. நாலு மாக்சிம் அதற்குள் மூன்று தோட்டாவை அங்கே வைத்துவிடும். ஸ்டூக்காவைவிட இது 4எம்முக்கு ஏற்ற இரை. அதனால்தான் பிக்கப் வண்டிகளிலும் லாரிகளிலும் இயந்திரத் துப்பாக்கி ஏற்றிய நடமாடும் குழுக்கள் அங்கே இரவெல்லாம் சாலையில் இருக்கின்றன. இரண்டு மூன்று மாக்சிம்களை ஒன்றாகப் பூட்டி, மேலே இந்தக் காலத்துக் குறிநோக்கியும் வெளிச்ச விளக்கும் வைத்தவையும் அவற்றில் உண்டு.

கீவ் நகருக்குப் பக்கத்தில் புச்சா என்ற ஊரில் அப்படி ஒரு தன்னார்வக் குழு இருக்கிறது. பெரும்பாலும் பெண்கள், ஊரில் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். ‘புச்சாவின் சூனியக்காரிகள்’ என்று தங்களை அழைத்துக்கொள்கிறார்கள். பகலில் ஆசிரியர், மருத்துவர் என்று அவரவர் வேலை. சைரன் ஊதியதும் வண்டியில் ஏறிக் காட்டோரம் திறந்தவெளிக்குப் போய்த் துப்பாக்கியை நிறுத்துகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது 1939இல் வார்த்த மாக்சிம். தோட்டாப் பெட்டியில் சோவியத் நட்சத்திரம் இன்னும் அழியவில்லை. உறையில் ஊற்றத் தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுபோகிறார்கள்.